குடும்பம் வெளியூர் செல்வதால்

கணபதி பகுதியில் என் வீட்டைத் தேடி வருபவர்களுக்கு யாரும் கதவு எண் சொல்வதில்லை. "சத்தம் கேக்கற ஊடுங்க" என்று கை காட்டிவிடுவார்கள். பாதிச் சத்தம் கிரைண்டருடையது, மீதி என்னுடையது. பதினான்கு வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன். மூன்று கிரைண்டர் ஓடும் அறையில் நின்று பேசிப் பேசி, மெதுவாகப் பேசுவது எனக்கு மறந்தே போய்விட்டது. நான் ரகசியம் சொன்னால் எதிர் வீட்டிலிருந்து பதில் வரும். நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்திய பஸ் டிரைவர், சிலிண்டரைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போகப் பார்த்தவர், சாக்கடையைத் தோண்டிப்போட்டு மூடாமல் போனவர்கள் என்று எல்லோரிடமும் சண்டை போட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஜெயித்துமிருக்கிறேன். இப்படிப்பட்ட நான்தான் என் மகளைப் பள்ளியை விட்டு அனுப்பும் கடிதத்தை, என் கையாலேயே, பிழையில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

மே மாதத் தொடக்கம் அது. மகள் ஒன்பதாவது முடித்திருந்தாள். முடித்திருந்தாள் என்று கௌரவமாகச் சொல்கிறேன். கணக்குக்கும் அவளுக்கும் ஏழாம் வகுப்பிலிருந்தே பேச்சு வார்த்தை கிடையாது. மற்ற பாடமெல்லாம் சுமார். எல்கேஜியில் அழுதுகொண்டே நுழைந்த நாளிலிருந்து அதே பள்ளிதான், பீளமேட்டுப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி. அதன் வாசலில் வருடம் முழுவதும் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கும். பத்தாம் வகுப்பில் தொடர்ந்து இத்தனையாவது ஆண்டாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று போட்டிருக்கும். ஃப்ளெக்ஸை மாற்றுவதில்லை, ஆண்டின் எண்ணை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி ஏற்றிக்கொண்டே போவார்கள். அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் முகம் கீழே வரிசையாகச் சின்னதாக இருக்கும். மேலே தாளாளரின் முகம் ஆளுயரத்துக்கு இருக்கும். அவர் எந்தப் பரீட்சை எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிரின்சிபால் அம்மாவே போன் செய்தார். "ரெண்டு பேரும் சித்த வந்துட்டுப் போனீங்கன்னா பரவால்லீங்க அம்மணி" என்றார். என் கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். அன்றைக்கு அவருக்கு டெலிவரி இருந்தது. நான் மட்டும் பஸ் ஏறினேன். ஸ்கூல் வேன் டிரைவர் பிள்ளைகளிடம் கத்துகிறார் என்று ஒரு புகார் என்னிடம் இருந்தது, அதையும் வழியெல்லாம் தீட்டிக்கொண்டே போனேன்.

அறையில் ஏசி. மூலையில் ஒரு மீன் தொட்டி, அதில் ஒரே ஒரு பெரிய மீன். பிரின்சிபால் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க அம்மணி, வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கீங்க. காபி சொல்லட்டுங்களா?" என்றார். என் வேன் புகார் அந்த இடத்திலேயே செத்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தெருவில் எகிறுகிறவனிடம் நாங்களும் எகிறுவோம், அதில் குறை வைக்க மாட்டோம். ஆனால் உட்கார வைத்துக் காபி கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. மறுக்க வேண்டுமென்றால் "பாக்கலாமுங்க" என்போம். ரொம்பக் கடுமையாக மறுக்க வேண்டுமென்றால் "ஊட்டுல கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்போம். அதற்கு மேல் கடுமை எங்களிடம் ஸ்டாக் இல்லை.

"பாப்பா தங்கமான புள்ளைங்க. ஒரு வார்த்தை கொறை சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தார் பிரின்சிபால். "ஆனா பத்தாவதுன்னா பிரஷர் ஜாஸ்திங்க. புள்ள தாங்கோணுமல்லங்க. நாளைக்கு ரிசல்ட்ல ஒண்ணுன்னா மனசு ஒடிஞ்சிருமுங்க. இப்பவே சின்ன ஸ்கூலாப் பாத்து மாத்திப்போட்டீங்கன்னா அதுவும் நிம்மதியாப் படிக்கும். உங்க கூடப் பொறந்தவளா நெனச்சுக்குங்க, அதனாலதான் சொல்றேன்."

சொல்லிக்கொண்டே ஒரு கோடு போட்ட தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். எப்படி எழுதுவது என்று நான் முழித்தபோது மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரிக் கடிதத்தையும் எடுத்து வைத்தார். எங்கள் குடும்பம் வெளியூர் செல்வதால் என் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது.

"நாங்க வெளியூர் போகலீங்களே" என்றேன்.

"அது ஃபார்மாலிட்டிங்க அம்மணி. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார்.

காபியில் பாதி இன்னும் டம்ளரில் இருந்தது. எழுதினேன். 'தாழ்மையுடன்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழகாகவே எழுதினேன் என்று நினைவு. எழுந்து கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்க, நீங்க சொன்னதால ஆச்சு" என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

கணவரிடம் சொன்னேன். ராங் நம்பரில் கூப்பிட்டவரிடம்கூட "பரவால்லீங்க, சாப்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைக்கிற மனிதர் அவர். "மேடமே கூப்டுச் சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்குமல்ல அம்மணி" என்றார். மகளிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை. சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம். அந்தச் சமயம் வரவே இல்லை, சான்றிதழ்தான் வந்தது.

கவரை அவள்தான் பிரித்தாள். சான்றிதழோடு என் கடிதத்தின் நகலையும் பின் அடித்திருந்தார்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு கிரைண்டர் அறைக்கு வந்தாள். சத்தத்தில் அவள் கேட்டது காதில் விழவில்லை. கிரைண்டரை நிறுத்தினேன். மறுபடி கேட்டாள்.

"நாம எந்த ஊருக்குங்கம்மா போறோம்?"

"எங்கயும் போகல கண்ணு. அது சும்மா எழுதறது."

"அப்ப நான் மட்டுந்தான் போறனா?"

சண்டைக்காரி என்று பெயர் வாங்கியவள், மாவுக் கையோடு பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். யூனிஃபார்மைத் துவைத்து, தேய்த்து, மடித்து, பீரோவின் மேல் தட்டில் வைத்துவிட்டு நான்கு நாள் யாரிடமும் பேசவில்லை. அந்த நான்கு நாளில் எனக்குள் ஏறிய ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. பிரின்சிபால் மேல் பாதி, என் மேல் பாதி.

ஐந்தாம் நாள் காலையில் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடுவது என்று பள்ளிக்குப் போனேன். வாசலில் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது. உள்ளே போனேன். "ஐயோ, இந்த வெயில்ல வந்திருக்கீங்களே அம்மணி" என்றார் பிரின்சிபால். காபி வந்தது. ஆபீசில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்துவிட்டதாகவும், இனித் தன் கையில் ஒன்றும் இல்லை என்றும், தனக்கே வருத்தமாக இருப்பதாகவும் சொன்னார். அந்தக் காபியையும் குடித்தேன். வரும்போது நன்றியும் சொன்னேன். வெட்கங்கெட்ட வாய்.

என்னிடம் மாவு வாங்கும் ஒரு அம்மா கோர்ட்டில் வேலை செய்கிறார். அவர்தான் வழி சொன்னார். "அங்கயே சட்ட உதவி மையம் இருக்குதுங்கக்கா. பொம்பளைங்களுக்கு வருமானம் எல்லாம் பாக்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க. போய்ச் சொல்லுங்க" என்றார். வக்கீல் என்றதும் என் கணவர் வெலவெலத்துவிட்டார். எங்கள் பக்கம் வக்கீலிடம் போவது என்றால் பங்காளிகள் தோட்டங்காட்டு எல்லைக்காக வெட்டிக்கொண்ட பிறகுதான். பள்ளிக்கூடத்தின் மேல் யாராவது போவார்களா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியும் விட்டார்.

கிளம்பும்போது கையில் ஒரு எண்ணெய் டின்னையும் தூக்கிக்கொண்டார். காங்கேயத்தில் என் அண்ணன் தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறார், வீட்டில் எப்போதும் டின் இருக்கும். "ஒருத்தரப் பாக்கப் போறப்ப வெறுங்கையோட எப்படிப் போறது?" என்றார்.

எங்களுக்குக் கொடுத்த வக்கீல் ஒரு இளம்பெண். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். மேசைக்குக் கீழே கணவர் மெதுவாக டின்னை நகர்த்துவதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அது?"

"எண்ணெய்ங்க. செக்குல ஆட்டுனதுங்க. தலைக்கு வெச்சீங்கன்னா குளுகுளுன்னு—"

"வேண்டாம்."

அவ்வளவுதான். முன்னால் ஒரு சிரிப்பு இல்லை, பின்னால் ஒரு சமாதானம் இல்லை. ஒரே சொல். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். எங்களுக்குத் தூக்கி வாரிப்போட்டது. கணவர் டின்னைத் திரும்பக் காலுக்கு அருகில் இழுத்துக்கொண்டார். எனக்கு என்னவோ அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

கடித நகலைப் படித்தாள். "எந்த ஊருக்குப் போறீங்க?" என்றாள். என் மகள் கேட்ட அதே கேள்வி.

"எங்கயும் போகலீங்க."

"அப்புறம் ஏன் எழுதுனீங்க? மிரட்டினாங்களா?"

"இல்லீங்க."

"எழுதலைன்னா வேற ஏதாவது பண்ணிருவோம்னு சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. காபி குடுத்தாங்க."

பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அக்கா, காபி குடுத்தாங்கன்னு மனுவில எழுத முடியாது. இந்தக் கடிதத்தைப் பாத்தா நீங்களா ஆசைப்பட்டு வெளியூர் போற மாதிரி இருக்கு. ரிசல்ட்டுக்காகப் பிள்ளைகளை வெளிய அனுப்பக் கூடாதுன்னு கல்வித்துறை உத்தரவு இருக்கு. ஆனா அவங்க அனுப்பலையே. நீங்கதான் கேட்டு வாங்கியிருக்கீங்க."

"மாதிரி காட்டினாங்களே, அதப் பாத்துத்தானுங்க எழுதினேன்" என்றேன். பிரின்சிபாலை ஒரேயடியாக விட்டுக்கொடுக்க மனசு வராமல், "அதையே அழுக்குப் படக்கூடாதுன்னு லேமினேஷன் எல்லாம் பண்ணி நீட்டா வெச்சிருந்தாங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் நிமிர்ந்தாள். "லேமினேஷனா?"

"ஆமாங்க."

"ஒரு பிள்ளைக்காக யாராவது லேமினேஷன் பண்ணுவாங்களா அக்கா?"

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பொறி தட்டியது. என்னிடம் மாவு வாங்குகிறவர்களில் இரண்டு பேரின் பிள்ளைகள் அதே வகுப்பு. இரண்டு பிள்ளைகளையும் வேறு பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு பேருமே குடும்பத்தோடு வெளியூர் போவதாகத் தாழ்மையுடன் எழுதிக் கொடுத்தவர்கள்தான். வெளியூர் போன குடும்பங்கள் தினமும் பொழுது சாய்ந்ததும் தூக்குப்போசியோடு என் வாசலில் நின்று, மாவு புளிக்கவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தன. மனுப் போட்டால் கல்வி ஆபீசருக்கு முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டேன். "பாக்கலாமுங்கக்கா" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா.

வக்கீல் மனு எழுதினாள். மகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்டு, அந்த வருடம் ஒன்பதாவதிலிருந்து போன எல்லாப் பிள்ளைகளின் கடிதங்களையும் பள்ளி கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். விசாரணை ஜூன் மாத நடுவில், கல்வி அலுவலகத்தில். அதற்குள் பள்ளி திறந்துவிட்டது. காலையில் வேன் எங்கள் தெரு வழியாகப் போகும்போது மகள் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அரசுப் பள்ளியில் இடம் கிடைக்காமல் இல்லை. அங்கிருந்த தலைமை ஆசிரியர் நல்ல மாதிரி, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றார். அவள்தான் போக மறுத்தாள். "அங்க போறதுன்னா போறனுங்க, அது ஒண்ணும் மட்டமில்ல. ஆனா நான் எதுக்கு இங்கிருந்து போகோணும்னு யாராச்சும் சொல்லட்டும்" என்றாள். பத்தாவதுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பிவிட்டால் அப்புறம் அந்தப் பள்ளியில் அவளுக்கு இடமே இருக்காது என்று வக்கீல் சொல்லியிருந்தாள்.

விசாரணைக்கு முன்னால் எங்களுக்கு ஒத்திகை நடந்தது. வக்கீல் ஆபீசராக உட்கார்ந்துகொண்டாள்.

"விருப்பப்பட்டு எழுதினீங்களா?"

"அது வந்துங்க மேடம்..."

"இல்லைன்னு சொல்லுங்க அக்கா."

"இல்லீங்க. ஆனா அவங்க மேலயும் தப்புன்னு—"

"இல்லை. அதோட நிறுத்துங்க. முற்றுப்புள்ளி."

என் கணவரை ஒரே கேள்வியோடு விட்டுவிட்டாள், தேறாது என்று. அவர் விடவில்லை. பட்டறையில் தனியாகப் பழகினார். லோன் வேண்டுமா என்று போன் செய்கிற பெண்களிடம் "வேண்டாம்" என்று சொல்லிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஒரு நாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது போனில் அப்படி ஒரு பெண்ணிடம் ஊர் எது, தங்குவது ஹாஸ்டலா, சோறு நன்றாகப் போடுகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொன்னீர்களா என்று கேட்டேன். "சொல்றதுக்குள்ள பாவம் அந்தப் புள்ள இருமிப்போட்டுது" என்றார்.

நான் நன்றாகவே தேறினேன். பத்து நாளில் "இல்லை" சுத்தமாக வந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கல். கடைசி ஒத்திகையில் வக்கீல், "மரியாதைக்காக எழுதிக் குடுத்தேன்னு சொல்றீங்க. அதுக்காக மட்டுந்தானாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை நாளன்று காலையில் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். எண்ணெய் டின் வீட்டில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். தாழ்வாரத்தில் பிரின்சிபால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "வாங்க அம்மணி. காலைல சாப்டீங்களா? பாப்பா எளச்சுப்போச்சே" என்று மகளின் தோளைத் தொட்டார். "சாப்டமுங்க, நீங்க சாப்டீங்களா?" என்று என் வாய் தானாகக் கேட்டது. வக்கீல் என் முழங்கையை இடித்தாள்.

ஆபீசர் வயதானவர், ஓய்வு பெறப்போகிறவரின் களைப்பு முகத்தில் தெரிந்தது. கடிதத்தைக் காட்டினார். "இது உங்க கையெழுத்துத்தானே அம்மா?"

"ஆமாங்க."

"உங்க விருப்பப்படிதான் எழுதினீங்களா?"

பத்து நாள் ஒத்திகை பார்த்த சொல் தொண்டை வரை வந்தது. எதிரில் பிரின்சிபால் என்னைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்துச் சிரித்தார். "அது வந்துங்க சார்" என்று ஆரம்பித்தேன். "மேடம் நல்லதுக்குத்தானுங்க சொன்னாங்க. அவங்களக் கொறை சொல்ல முடியாதுங்க. நான்தான் எழுதினனுங்க."

வக்கீல் பேனாவை மூடிவிட்டாள். மூடி கிளிக் என்று விழுந்தது எனக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது. என் கணவர் எனக்கு ஆதரவாக, "ஆமாங்க சார்" என்று வேறு சொன்னார். அங்கேயே பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. ஊரெல்லாம் சண்டை போட்டவள், பெற்ற பெண்ணுக்காக ஒரு சொல் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆபீசர் ஃபைலை மூடப்போனார். அப்போதுதான் மகளைக் கவனித்தார். "நீ ஏதும் சொல்லணுமாம்மா?"

அவள் எழுந்து நின்றாள். "எனக்குப் போக இஷ்டமில்லீங்க சார். என்னைய யாருமே கேக்கல."

"உன் நல்லதுக்குத்தானே சொல்றாங்க?"

"நான் ஃபெயிலாயிருவேன்னு சொல்றாங்க சார். ஆகலாமுங்க. கணக்கு எனக்கு வராதுங்க. ஆனா ஃபெயிலானா நான்தானுங்க ஆவேன். ஸ்கூல் எதுக்குங்க பயப்படோணும்?"

பிரின்சிபால் ஏதோ சொல்ல வாய் திறந்தார். ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார். "சரி, உங்கம்மா எழுதிக் குடுத்திருக்காங்களே?"

மகள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அம்மாவும் நான் ஃபெயிலாயிருவேன்னுதான் நெனச்சாங்க சார். அதனாலதான் எழுதிக் குடுத்தாங்க. காபிக்காக இல்லீங்க."

உண்மை. காபியும் மரியாதையும் நான் ஊருக்குச் சொன்ன கதை. வக்கீலுக்குச் சொன்னேன், கணவருக்குச் சொன்னேன், இதைப் படிக்கிற உங்களுக்கும் இத்தனை நேரம் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன். பிரின்சிபால் "புள்ள தாங்கோணுமல்லங்க" என்றபோது என் மனசுக்குள் நானும் தலையாட்டினேன். ரிசல்ட் வந்து தெருவில் எல்லோரும் இனிப்பு கொடுக்கிற நாளில் நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். அவள் எத்தனை நாளாக இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாளோ தெரியவில்லை.

வக்கீல் பேனாவைத் திறந்தாள். மனுவில் கேட்டிருந்த கடிதங்களைப் பார்க்கலாமா என்று நிதானமாகக் கேட்டாள். ஆபீசர் பிரின்சிபாலைப் பார்த்தார். பள்ளியின் கிளார்க் ஒரு ஃபைலைத் தயங்கித் தயங்கி நீட்டினார். ஏழு கடிதங்கள். ஆபீசர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏழு குடும்பமும் ஒரே வாரத்தில் வெளியூர் செல்வதாக, ஏழு பேரும் ஒரே சொற்களில் தாழ்மையுடன் கேட்டிருந்தார்கள்.

"என்னங்க மேடம், ஊரே காலியாகுதா?" என்றார் ஆபீசர். களைப்பு போன இடம் தெரியவில்லை.

அதற்கப்புறம் அதிக நேரம் ஆகவில்லை. என் மகளை அதே வகுப்பில் திரும்பச் சேர்க்க வேண்டும், மற்ற ஆறு பேரின் பெற்றோரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று அங்கேயே எழுதச் சொன்னார். "எங்களுக்குச் சந்தோஷந்தானுங்க சார். நாங்க எப்பவுமே புள்ளைங்க பக்கந்தானுங்க" என்றார் பிரின்சிபால். அவர் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

வெளியே வந்து வக்கீலிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். "கேஸை நீங்க தோத்துட்டீங்க அக்கா, உங்க பொண்ணு ஜெயிச்சுட்டா" என்று சிரித்தாள். கேஸ்தான் முடிந்துவிட்டதே, இப்போதாவது எண்ணெய் கொண்டுவரலாமா என்று என் கணவர் கேட்டார். "வேண்டாம்" என்றாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. அவளுக்குப் பிடித்த பஜ்ஜி போட்டேன். அவள் சாப்பிட்டாள். பேசவில்லை.

மறுநாள் பள்ளியில் அதே அறைக்குப் போனோம். அந்த ஒற்றை மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "வாங்க அம்மணி, வா கண்ணு" என்றார் பிரின்சிபால். ஆயா காபி கொண்டுவந்து நீட்டினார்.

"வேண்டாம்" என்றேன்.

வந்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் ஒன்றும் சேர்க்காமல் அப்படியே வந்தது. ஆயா டம்ளரோடு நின்றார், பிரின்சிபாலின் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு மேசை மேல் சேர்க்கை விண்ணப்பம் வந்தது. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். பேனாவை எடுத்தேன்.

மகள் தாளின் மேல் கையை வைத்தாள். தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள், திருப்பிப் பின்பக்கமும் படித்தாள். பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. முழுக்கப் படித்துவிட்டு, கையை எடுக்காமலேயே என்னைப் பார்த்தாள். கல்வி அலுவலகத்துக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறாள்.

"நான் ஃபெயிலாயிருவேன்னு இன்னும் நெனைக்கறீங்களாம்மா?"

பிரின்சிபால் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயா பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பத்து நாள் பழகிய சொல், நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"தெரியல கண்ணு. பயமா இருக்குது" என்றேன்.

"எனக்குந்தானுங்கம்மா" என்றாள். தாளை என் பக்கம் நகர்த்தினாள். "இப்பப் போடுங்க."